மூன்றாவது தொட்டியின் தெற்குச் சுவர்

இயற்கை எரிவாயுவை மைனஸ் நூற்று அறுபது டிகிரிக்குக் குளிரவைத்தால், அது அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கித் தண்ணீர் மாதிரி தொட்டிக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு பங்கை அவர் கையில் கொடுத்து மேடையேற்றினால், மறுபடியும் அறுநூறு பங்காக விரிந்து மண்டபம் கொள்ளாமல் வாசல் வழியே வழியும். இந்தக் கைவரிசைக்காகத்தான் நிறுவனம் அவரைப் புதுமைப் பிரிவுக்குத் தலைவராக வைத்திருந்தது. விசிட்டிங் கார்டில் அவருடைய பதவிப் பெயர் இரண்டு வரிக்கு ஓடும். எரிவாயு முனையத்தில் வேலை செய்கிறவர்கள் யாருக்கும் அவ்வளவு மூச்சு இல்லாததால் ‘புதுமை சார்’ என்று கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் வெறும் ‘புதுமை’.

அவருடைய புகழுக்குக் காரணம் மூன்றாவது தொட்டி.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு தொட்டிதான் தெரியும். உண்மையில் அது இரண்டு தொட்டி. உள்ளே உலோகத் தொட்டி, அதைச் சுற்றிக் கான்கிரீட் தொட்டி. நடுவில் ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளி முழுக்க பெர்லைட் என்ற வெள்ளைத் துகளைக் கொட்டி நிரப்புவார்கள். ஊதினால் பறக்கிற சமாசாரம். ஆனால் உள்ளே இருக்கிற குளிரையும் வெளியே இருக்கிற வெயிலையும் ஒன்றை ஒன்று பார்க்கவிடாமல் பிரித்து வைப்பது அதுதான். கொட்டும்போது சுவரை அதிரவைத்து, தட்டித் தட்டி இறக்க வேண்டும். தட்டாமல் கொட்டினால் துகள் பாதி வழியில் பாலம் கட்டிக்கொண்டு தொங்கும். பிறகு ஒருநாள் அதுவாகவே இறங்கும், இறங்கிய இடத்தில் பொந்து விழும். அடுக்களையில் டப்பாவில் மாவு கொட்டி வைக்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி.

ஆனால் தட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை. உலகம் முழுக்க எல்லாரும் எரிவாயு கேட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பல்காரர்கள் தேதி கேட்டார்கள், வாங்குகிற நாடுகள் தேதி கேட்டன, கடன் கொடுத்தவர்களோ தேதியைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. அப்போதுதான் அவர் ‘அதிர்வில்லா நிரப்புமுறை’ என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார். கண்டுபிடிப்பு வேறொன்றும் இல்லை. தட்டாமல் கொட்டுவது. செய்ய வேண்டிய வேலை ஒன்றைச் செய்யாமல் விட்டு, விட்டதற்கு ஒரு பெயரும் வைத்து, அந்தப் பெயரை வண்ணப் படங்களோடு வெளிநாட்டு மாநாட்டில் காட்டினார். தீச்சுடர் வடிவில் கண்ணாடி விருது ஒன்று வந்தது. அதை வரவேற்பறையில், யாருடைய தோள் இடித்தாலும் விழுந்துவிடுகிற ஒரு பீடத்தில் வைத்தார்கள்.

தொட்டி நிரம்பியாயிற்று. குளிரும் ஏற்றியாயிற்று. இனித் திறப்பு விழாதான் பாக்கி. விழா மேடையிலேயே சேர்மன் அவரை விரிவாக்க இயக்குநராக அறிவிக்கப்போகிறார், நான்காவது, ஐந்தாவது, ஆறாவது தொட்டிகளையும் அதே முறையில் கட்டப்போகிறார்கள் என்று உறுதியாகியிருந்தது. புதிய பதவிப் பெயர் மூன்று வரி வரும். கார்டின் அளவைப் பெரிதாக்க முடியுமா என்று அச்சகத்தில் விசாரித்துக்கூட வைத்திருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய மைத்துனன் போன் செய்தான்.

மனைவியின் தம்பி. தொட்டிகளைப் பராமரிக்கும் இன்ஜினியர். வேலைக்குச் சேர்த்துவிட்டது அவர்தான். அதை மாதம் ஒருமுறை அவனுக்கு நினைவுபடுத்துவதும் அவர்தான்.

“மாமா, கொஞ்சம் தெற்குச் சுவர் பக்கம் வர்றீங்களா?”

“என்னப்பா, போன்ல சொல்ல மாட்டியா?”

“சொன்னா நம்ப மாட்டீங்க.”

உச்சி வெயில். தார் ரோடு செருப்பைப் பிடித்துப் பிடித்து விட்டது. மூன்றாவது தொட்டியின் தெற்குச் சுவர் வெயிலில் கண் கூசும்படி வெளுத்திருந்தது. அதில் ஆள் மார்பு உயரத்தில், அதைவிட வெளுப்பாக ஒன்று. கிட்டப் போய்ப் பார்த்தார். பனி. பொடிப் பொடியாக, உப்புப் பூத்த மாதிரி. விரித்து வைத்த உள்ளங்கையின் அளவு. கூடவே ஐந்து விரலும்.

“கை மாதிரி இல்ல?” என்றான் மைத்துனன்.

“உன் கண்ணுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும்.” கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். போய்விட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளிருந்து யாரோ கண்ணாடியில் கையை ஊன்றுகிற மாதிரி, முதலில் விரல் நுனிகளும் பிறகு உள்ளங்கையும் திரும்ப வெளுத்தன.

மைத்துனன் குரலைத் தாழ்த்தினான். “உள்ள பெர்லைட் இறங்கிடுச்சு மாமா. பொந்து விழுந்திருக்கு. தொட்டிய நிறுத்திட்டு, மேல திறந்து, பழைய மாதிரி தட்டித் தட்டி நிரப்பணும். இப்பவே சொல்லிடலாம்.”

“யார்கிட்ட?”

“மேல.”

“மேல இருக்கறது நான்தான்டா.” சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “இங்க பாரு. இந்தச் சுவருக்குப் பின்னால ஒரு குறையும் இல்ல. சுத்தமா இருக்கு. புரியுதா?”

அவர் சொல்லி முடித்ததும், வாயிலிருந்து வெள்ளையாகப் புகை ஒன்று வந்து, இருவருக்கும் நடுவில் சோம்பலாக நின்று, கலைந்தது.

இருவரும் அது கலைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் விசில் சத்தம். வேலியோரம் நின்றிருந்த செக்யூரிட்டி வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

“யாருங்க அது இங்க சிகரெட் பிடிக்கறது! தீக்குச்சி கொண்டுவந்தாலே வேலை போயிடும்னு போர்டு வெச்சிருக்கு, தெரியலையா? ஐயோ, சாருங்களா...” விசிலை வாயிலிருந்து எடுத்தார். “நீங்களே இப்படிப் பண்ணலாமா சார்?”

“நான் எங்கய்யா பிடிச்சேன்? ஊதிக் காட்டட்டுமா?”

அவர் ஊதிக் காட்டினார். ஒன்றும் வரவில்லை. செக்யூரிட்டி முகர்ந்து பார்த்தார். பிறகு ஓரக்கண்ணால் மைத்துனனின் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டே போனார்.

சாயங்காலம் வீட்டில் காபி வந்தது. அவர் வாங்கி, பேப்பரில் ஒரு தலைப்பு படித்து, டம்ளரை வாயருகில் கொண்டுபோனபோது காபி சில்லென்று இருந்தது.

“ஆறிப்போனதையா குடுப்பே?”

“கொதிக்கக் கொதிக்கத்தானே குடுத்தேன்.” மனைவி டம்ளரை வாங்கிப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிடித்த கையை லேசில் விடுகிற வழக்கம் இல்லை. வலது கை விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. தெர்மாமீட்டரை எடுத்துவந்து வைத்தாள். உதறிவிட்டு மறுபடி வைத்தாள்.

“என்ன காட்டுது?”

“இது காட்டறதைப் பாத்தா நீங்க இந்நேரம் பேசிட்டிருக்கவே கூடாது,” என்றாள். “உங்களுக்கு அது ஒண்ணும் பெரிய தடை இல்லையே. இன்னைக்கு எங்க போனீங்க, என்ன தொட்டீங்க?”

“ஒண்ணும் இல்ல. ஒரு பிரச்சினையும் இல்ல.”

சொன்னதும் குளிர் விரல் நுனியிலிருந்து முதல் கணுவைத் தாண்டியது. ஊசி ஏறுகிற மாதிரி அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாயிலிருந்து வந்த புகை, வீட்டு டியூப் லைட்டில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. மனைவி அதைக் கையால் விலக்கிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு போய்த் தம்பிக்குப் போன் செய்தாள்.

மறுநாள் சுவரில் மணிக்கட்டு வந்துவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் முழங்கை, தோள், தலை. தலைக்குக் கீழே வயிறு. அந்த வயிறு வந்ததும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அவ்வளவு பெரிய முனையத்தில் அந்த வயிறு ஒருவருக்குத்தான் உண்டு. வலது கை மேலே தூக்கி, ஆள்காட்டி விரலை நீட்டியபடி இருந்தது. மேடையில் ‘எதிர்காலம்’ என்று சொல்லும்போது அவர் நீட்டுகிற அதே விரல்.

பெயின்ட் அடிக்க வந்தவர்கள் சுவருக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். “சாருக்கு உயிரோட இருக்கறப்பவே சிலை வெச்சுட்டாங்கப்பா” என்றான் ஒருவன். “சிலை இல்லடா, ஸ்டெப்னி” என்றான் இன்னொருவன். அவரைப் பார்த்ததும் இரண்டு பேரும் பிரஷ்ஷை டப்பாவுக்குள் விட்டு மும்முரமாகக் கலக்கினார்கள்.

அவர் முதலில் பயந்தார் என்று சொன்னால் அது அவருக்குச் செய்கிற மரியாதையாக இருக்கும். முதலில் அவர் தள்ளி நின்று பார்த்தார். கொஞ்சம் பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். மூக்கு சரியாக வரவில்லை என்று பட்டது. தாடை பரவாயில்லை. அதன் பிறகுதான், பனி உருவத்துக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் பனி இல்லாமல், இரண்டு ஓட்டையாக வெறும் கான்கிரீட் தெரிவதைக் கவனித்தார். எந்தப் பக்கம் நகர்ந்து நின்றாலும் அந்த ஓட்டைகள் தன் பக்கமே இருப்பதையும் கவனித்தார்.

பேனர் அடிக்கச் சொன்னார். தெற்குச் சுவரில் பாதியை மூடுகிற அளவுக்குப் பெரிய பேனர். நீல வானம், கப்பல், சேர்மன், சேர்மனுக்குச் சற்றுப் பின்னால் அவர், குறுக்கே பெரிய எழுத்தில் ‘வளர்ச்சி’. பேனரைக் கட்டியவர்கள், துணிக்குப் பின்னால் கை பட்ட இடமெல்லாம் விறைத்துப் போகிறது என்று கையுறை கேட்டார்கள்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் பேனருக்குப் பின்னால் என்ன என்று கேட்டார்கள். காப்பீட்டுக்காரர் கேட்டார், பத்திரிகைக்காரர் கேட்டார், சேர்மனின் காரியதரிசி கேட்டார். எல்லாருக்கும் ஒரே பதில். “ஒண்ணும் இல்ல. வெறும் அலங்காரம்.” ஒவ்வொரு பதிலுக்கும் குளிர் ஒரு படி ஏறியது. முழங்கை போயிற்று, தோள் போயிற்று. சோப்பு கையில் ஒட்டிக்கொண்டது. பேனாவில் மை உறைந்தது. மலை ஊருக்கு எப்போதோ போனபோது வாங்கிவந்த கம்பளி ஸ்வெட்டரை மனைவி பீரோ அடியிலிருந்து எடுத்து உதறி மாட்டிவிட்டாள். ஊரே விசிறிக்கொண்டிருக்கிற பருவத்தில் அவர் ஸ்வெட்டரோடு காரில் ஏறினார்.

ஒருநாள் அவள் அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். தம்பி பக்கத்தில் நின்றான்.

“இவன் எல்லாம் சொல்லிட்டான். இப்ப நீங்க என்கிட்ட சொல்லுங்க. சுவருக்குப் பின்னால என்ன இருக்கு?”

“உனக்குத்தான் தெரியுமே.”

“எனக்குத் தெரியறது வேற. உங்க வாயால வரணும்.”

அவர் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு, சுவருக்கும் காது உண்டு என்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்தி, “பொந்து இருக்கு” என்றார்.

சுண்டுவிரல் சுருக்கென்றது. நுனியில் ஒரு பொட்டு சிவந்தது. அவள் அந்த விரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு, “பாத்தீங்களா? இதான் வழி. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க,” என்றாள்.

“சொன்னா பதவி போயிடும். விருதைத் திருப்பி வாங்கிடுவாங்க.”

“சொல்லலேன்னா குளிர் நெஞ்சுக்கு வந்துடும். அப்புறம் அந்த விருது மாதிரி உங்களையும் பீடத்துல நிறுத்தி வெச்சுக்கறதா நானு?”

“விழா முடிஞ்சதும் சொல்லிடறேன். கண்டிப்பா.”

சிவந்த பொட்டு மறைந்தது. மைத்துனன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

விழா காலையில். பந்தலுக்கு அடியில் வெளிநாட்டு விருந்தாளிகள் நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பேனர். காற்று அடித்தது, ஆனால் பேனர் அசையவில்லை. பலகை மாதிரி நின்றது. அவருடைய மனைவி முன்வரிசையில், ஆஸ்பத்திரி யூனிபாரத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் வெந்நீர்ப் பை.

சேர்மன் உலகச் சந்தையைப் பற்றி நிறையப் பேசினார். பிறகு, “நம்முடைய கண்டுபிடிப்பாளரே இதைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லட்டும்” என்றார்.

அவர் எழுந்து வந்தார். கோட்டுக்குள் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்குள் தோள் வரை மரத்த உடம்பு. மைக்கைத் தொடவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்திருந்தது.

“பெரியோர்களே,” என்றார். விரல் தானாக மேலே போயிற்று. “எதிர்காலம், இதோ இந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. இந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு குறையும் இல்லை!”

வாயிலிருந்து புகை கிளம்பியது. இந்த முறை அது நிற்கவே இல்லை. மேசையில் வழிந்து, மேடையில் பரவி, முன்வரிசைக்காரர்களின் முழங்கால் வரை வந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எவ்வளவு அருமையான ஏற்பாடு என்று ஒரு விருந்தாளி பக்கத்தில் இருந்தவரிடம் வியந்தார். ‘புதுமை’ விரலைக் கீழே இறக்கப் பார்த்தார். இறங்கவில்லை. குளிர் தோளைத் தாண்டி, காலர் எலும்பின் மேல் ஏறி, நெஞ்சுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு வாக்கியம். எழுதிவைத்த உரையில் அந்த மாதிரி வாக்கியங்கள் பக்கம் பக்கமாக இருந்தன.

பின்னால் கண்ணாடி உடைகிற சத்தம். பேனர் சேர்மனின் முகத்துக்கு நடுவே விரிசல் விட்டு, துண்டு துண்டாக நொறுங்கி விழுந்தது.

மைத்துனன்தான் முதலில் பார்த்தான். சுவர் சுத்தமாக இருந்தது. பனியின் அடையாளமே இல்லை. இத்தனை நாள் அங்கே கைதூக்கி நின்ற ஆள் சுவரில் இல்லை. எல்லாருடைய கண்ணும் சுவரிலிருந்து மெதுவாக இறங்கி, அதே மாதிரி கைதூக்கி மேடையில் நிற்கிறவர் மேல் வந்து நின்றது. அவருடைய இமைகளில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

கைதட்டல் ஓய்ந்தது.

“ஏங்க,” என்றாள் மனைவி. மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. “போதும். சொல்லிடுங்க.”

நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது. அதை ஒவ்வொரு எழுத்தாகப் புரட்டினார்.

“பொந்து... இருக்கு. நான்தான்... தட்ட வேண்டாம்னு சொன்னேன்.”

அவ்வளவு சின்னப் பேச்சை அவர் வாழ்நாளில் பேசியதில்லை. பின்வரிசையில் யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். விரல் பொத்தென்று இறங்கியது. மனைவி மேடையேறி, வெந்நீர்ப் பையை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

தொட்டியை நிறுத்தினார்கள். ஆனால் புது வம்பு ஒன்று வந்து சேர்ந்தது. பொந்து எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்த ஒரே அடையாளம் அந்தப் பனிதான். அது போய்விட்டது. வெப்பம் காட்டும் கேமராவை வைத்துச் சுவர் முழுக்கத் தேடினார்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. மேலே துகளின் மட்டம் இறங்கியிருந்தது நிச்சயம். எந்த இடத்தில் இறங்கியது என்பதுதான் பிடிபடவில்லை.

“மாமா, தப்பா நினைக்காதீங்க,” என்றான் மைத்துனன். “சுவரை ஒட்டிக் கொஞ்சம் நடந்து பாக்கறீங்களா?”

நடந்தார். ஸ்வெட்டரோடு, மெதுவாக, வாயைத் திறந்துவைத்துக்கொண்டு. ஓர் இடத்தில் மூச்சு வெளுத்தது. கூட வந்த செக்யூரிட்டி சாக்பீஸால் அங்கே கோடு போட்டார். இன்னும் கொஞ்சம் நடந்ததும் மூச்சு தெளிந்தது. அங்கேயும் கோடு. உயரமான இடங்களுக்குக் கூண்டு லிப்டில் ஏற்றி இறக்கினார்கள். கோடுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது அவை ஓர் ஆளின் வடிவத்தில் இருந்தன. தொட்டியின் பாதி உயரத்துக்கு நின்றான் அந்த ஆள். சுவரில் தெரிந்தது அவனுடைய சின்ன நகல்தான் போலிருக்கிறது. மேலேயிருந்து பெர்லைட்டைக் கொட்டி, சுவரை அதிரவைத்து, தட்டித் தட்டி அவன் தலை வரை மூடினார்கள். தட்டுகிற ஒவ்வொரு அடியும் அவருக்கு விலாவில் கேட்டது.

தட்டி முடித்த அன்று மனைவி கொடுத்த காபி நாக்கைச் சுட்டது. அவர் அழுதேவிட்டார்.

இயக்குநர் பதவி போயிற்று. விருது வரவேற்பறையிலிருந்து ஸ்டோர் ரூமுக்குப் போயிற்று. ஆனால் நிறுவனம் என்பது எதையும் வீணாக்காத ஜந்து. அடுத்த உலக மாநாட்டில் ‘மனித மூச்சுவழிக் குறை கண்டறியும் முறை’ என்று ஒன்றைக் காட்டி வேறு விருது வாங்கிவந்தது. அவருக்கு நான்கு வரியில் ஒரு பதவிப் பெயர் கொடுத்தார்கள். அவர் கார்டே அடிக்கவில்லை. குளிர் போன பிறகும் ஸ்வெட்டரை மட்டும் விடவில்லை. கேட்டவர்களிடம் பழகிவிட்டது என்றார்.

நான்காவது தொட்டிக்கு முதல் போடுகிற விருந்தாளிகள் வந்தபோது சேர்மனே அவர்களைச் சுற்றிக்காட்டினார். ‘புதுமை’யும் கூடவே போனார். வெயில் அதே வெயில். முதலாவது தொட்டியின் பக்கம் வந்தார்கள். பழைய தொட்டி. சேர்மன் இளம் இன்ஜினியராக இருந்த காலத்தில் முன்னின்று கட்டியது. அதைக் கட்டித்தான் அவர் மேலே வந்தார். விருந்தாளி ஒருவர், இதிலும் அந்த மாதிரிக் குறை இருக்குமோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

சேர்மன் சிரித்தார். சுவரில் உரிமையோடு கையை ஊன்றினார்.

“இதுவா? இது என் கையால் கட்டியது. ஒரு துகள்கூட இறங்கவில்லை. என்றைக்கும் இறங்காது.”

அவர் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை ஒன்று வந்து, விருந்தாளிகளுக்கு நடுவில் சோம்பலாக நின்று, கலைந்தது.

தூரத்தில் விசில் சத்தம். செக்யூரிட்டி ஓடிவந்தார். “யாருங்க அது இங்க சிகரெட்...” என்று ஆரம்பித்து, நிற்பது யார் என்று பார்த்ததும், விசிலை விழுங்கிவிடுகிறவர் மாதிரி வாயை மூடிக்கொண்டார்.

சேர்மன் சுவரிலிருந்து கையை எடுத்து விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டார். அவை வெளுத்திருந்தன. கை இருந்த இடத்தில் உப்புப் பூத்த மாதிரி ஏதோ மினுங்கியது.

‘புதுமை’ தன் ஸ்வெட்டரைத் தலை வழியாகக் கழற்றினார். மடித்து, இரண்டு கையாலும் சேர்மனிடம் நீட்டினார்.

“வெச்சுக்கோங்க சார்,” என்றார். “நாளைக்குள்ள முழங்கைக்கு வந்துடும். அதுக்குள்ள இவங்ககிட்ட சொல்லிட்டீங்கன்னா இது தேவைப்படாது.”